மணமேடையில் வைக்க ஒரு படம்

ஆத்தா,

நேற்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனைப் பட்டென்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ "யப்பா" என்று ஆரம்பிப்பாய். எனக்கு அழுகை வரும். அதைக் காட்டிக்கொள்ள மனசு வராமல் சத்தம் போடுவேன். சந்தோஷமோ துக்கமோ பசியோ, எனக்கு எல்லாமே சத்தமாகத்தான் வெளியே வரும் என்று உன் அம்மா சொல்வாள். அதனால்தான் இந்தக் கடுதாசி. காகிதத்தில் யாரையும் வைய முடியாது. வைதாலும் அடித்துவிட்டு மேலே எழுதிக்கொள்ளலாம்.

நீ சொன்னது சரிதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அடுத்த மாதம் தேனி மண்டபத்தில், நீயும் மாப்பிள்ளையும் பாதபூஜை செய்ய மேடையில் இரண்டு நாற்காலி போடுவார்கள். ஒன்றில் நான், இன்னொன்றில் உன் அம்மாவின் படம். பெண்டாட்டி போனவன் தாரை வார்க்கக் கூடாது, சித்தப்பனும் சித்தியும் உட்காரட்டும் என்று நம் ஆட்கள் சொன்னபோது நீதான் மல்லுக்கு நின்றாய். "எங்கப்பா உக்காரலேன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்றாய். வெளியே முறைத்துக்கொண்டு நின்றாலும் உள்ளுக்குள் நான் எவ்வளவு பூரித்தேன் என்று உனக்குத் தெரியாது. அப்படிச் சொன்னவள் நேற்று, "ஆனா அந்தப் படத்தக் கொண்டு வராதீகப்பா. அது எங்கம்மா இல்ல. அந்த நாற்காலி சும்மாவே கெடக்கட்டும்" என்றாய். "ஊரு கூடிச் சிரிக்கணுமா?" என்று கத்திவிட்டுத்தான் வைத்தேன். கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தேன். பச்சைப் பட்டும், ரோஸ் பவுடர் பூசியதுபோல ஒரு முகமுமாக யாரோ ஒரு பெண்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கும் அது உன் அம்மா இல்லைதான்.

அப்படியானால் அந்த நாற்காலியில் எதை வைப்பது? ஒரு நல்ல படம் ஏன் இல்லாமல் போயிற்று? அதற்குக் காரணம் நான். அது உனக்குத் தெரியும். ஆனால் பாதிதான் தெரியும். அப்பனுக்கு மூடநம்பிக்கை, எல்லாவற்றிலும் தன் தலையை நீட்டுகிற ஆள் என்று நினைத்திருக்கிறாய். புகுந்த வீட்டுக்குப் போகுமுன் மீதிப் பாதியையும் தெரிந்துகொள். உன் கல்யாண வாழ்க்கைக்கு என்னிடமிருந்து ஏதாவது புத்திமதி வேண்டுமென்றால் அதுவும் இதற்குள்ளேயேதான் கிடக்கிறது. தனியாக எடுத்துக் கொடுக்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லை.

உன் பெரிய காமிராவை நீ முதல் தடவை நம் ஊர் அனுமந்தன்பட்டிக்குக் கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? கோயம்புத்தூரில் விளம்பரப் படம் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்து, முதல் இரண்டு வருஷச் சம்பாத்தியத்தையும் அதில் போட்டிருந்தாய். மீடியம் ஃபார்மட் என்று ஏதோ சொன்னாய். எனக்கு அது அம்மிக்குழவி கனத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான். கண்ணில் வைத்துப் பார்க்கிற காமிராவும் இல்லை. வயிற்றுக்கு நேராகப் பிடித்து, மேல்மூடியைத் திறந்து, தலையைக் குனிந்து உள்ளே பார்க்க வேண்டும். "என்னாத்தா, கெணத்துல வாளி விழுந்துருச்சா? எட்டி எட்டிப் பாக்குற?" என்று கேலி செய்தேன். நீ கோபப்படாமல் அதை என் கழுத்தில் மாட்டிவிட்டாய். குனிந்து பார்த்தேன். சொல்லக் கூடாது, அப்படி ஒரு அழகு. நம் திராட்சைப் பந்தலும் அதற்குப் பின்னால் மலையும் ஒரு சின்னக் கண்ணாடிக்குள் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. ஆனால் எல்லாம் இடம் வலமாகத் தெரிந்தது. பந்தலில் ஒரு குருவி வலது பக்கம் பறந்தால், கண்ணாடிக்குள் அது இடது பக்கம் ஓடியது. "இந்தச் சனியன் சொன்னதுக்கு எதுத்துல்ல நிக்கிது!" என்றேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த உன் அம்மா அங்கிருந்தே, "ஒங்களுக்கு ஏத்த சோடிதான். நல்லா சேந்து நில்லுங்க" என்றாள்.

அந்தக் காமிராவுக்குச் சுருள் பிலிம்தான் முறை. ஆனால் பின்பக்கம் வேறொரு பெட்டியை மாட்டி, எடுத்த இடத்திலேயே படம் தருகிற இன்ஸ்டன்ட் பிலிமும் போடலாம் என்று காட்டினாய். சுருளை வீணாக்குவதற்கு முன்னால் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று அதில்தான் ஒன்று எடுத்துப் பார்ப்பார்களாம். எடுத்ததும் நுனியைப் பிடித்து ஒரே சீராக இழுத்தால் ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு தாள் வெளியே வரும். நடுவில் மருந்து பரவியிருக்கும். ஒன்றரை நிமிடம் பொறுத்திருந்து உரித்தால் ஒரு தாளில் படம், இன்னொரு தாள் குப்பை. பொறுக்காமல் உரித்தாலும் கெட்டது, நேரம் தவறி வெகுநேரம் விட்டாலும் மருந்து காய்ந்து ஒட்டிக்கொண்டு கெட்டது. நெகட்டிவ் கிடையாது, இன்னொரு காப்பி கிடையாது. "ஒண்ணே ஒண்ணுதாம்ப்பா. இந்த ஒலகத்துல அது மட்டுந்தான்" என்று நீ சொன்னபோது, போனில் ஆயிரம் படம் எடுக்கிற காலத்தில் இது என்ன கோட்டித்தனம் என்றுதான் நினைத்தேன். செய்கிற கம்பெனியே நிறுத்திவிட்டான் என்று கடைசி ஒரு பாக்கெட்டை நம் வீட்டுப் பிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனாய். தேதி முடிந்துபோன பிலிம், குளிரில் இருந்தால்தான் பிழைக்கும் என்றாய். உன் அம்மா அதை ஒரு டப்பாவில் போட்டு மாவுச் சட்டிக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தாள். கரண்ட் போனால் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்ப்பாள்.

இனி அவளைப் பற்றிச் சொல்கிறேன். ஆதார் கார்டில் இருக்கிற தலையைத் தவிர, உன் அம்மா ஒற்றையாக இருக்கிற படம் ஒன்றுகூட நம் வீட்டில் கிடையாது. பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்த படத்திலேயே அவள் அக்காவோடுதான் நின்றாள். எங்கள் கல்யாண ஆல்பத்தில் பக்கத்தில் நான். அப்புறம் இடுப்பில் நீ. போன் வந்த பிறகு எடுத்ததிலெல்லாம் பந்தியில் குனிந்து பரிமாறுகிறாள், இல்லையென்றால் முதுகு தெரிகிறது, இல்லையென்றால் ஓரத்தில் பாதி முகம். அவளாகச் சில தடவை கேட்டிருக்கிறாள். நான்தான் விடவில்லை. என் அண்ணன், உன் பெரியப்பா, மில் வேலைக்கு மனுப் போடுவதற்காகப் பக்கத்து டவுனான பாளையத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஒற்றையாக ஒரு படம் எடுத்துக்கொண்டார். நல்ல களையான படம். வேலைக்குக் கூப்பிடும் முன்பே லாரியில் அடிபட்டுப் போய்விட்டார். அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டோம். அன்றிலிருந்து வீட்டில் யாராவது ஒற்றையாகக் காமிராவுக்கு முன் உட்கார்ந்தால் எனக்கு அந்த மாலைதான் கண்ணில் தெரியும். உன்னைக்கூட நான் மனசார அப்படி எடுக்க விட்டதில்லை. பள்ளிக்கூட அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற அன்று எதையாவது சாக்குச் சொல்லி நீ முழுசாக வெளியே வரும்வரை நான் உன் பள்ளிக்கூட வாசலிலேயே நின்றிருக்கிறேன். இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை.

தெரியாததைச் சொல்கிறேன். போன வருஷம் அவளுக்கு வயிற்றுவலி என்று மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, தேறிவிடுவாள் என்று உனக்குப் போனில் சொன்னேன். கடைசியாகப் போனபோது டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போனேன். "இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்கங்க. அவங்களுக்குப் புடிச்சதச் செஞ்சு குடுங்க" என்றார். நான் தலையாட்டினேன். வெளியே வந்து, "வைத்தியம் முடிஞ்சுபோச்சு, இனி வர வேண்டாம்னுட்டாக. நீ ராணி மாதிரி இருக்கலாம்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் அவளை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். உன்னிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் போலிருந்தது.

அதற்கப்புறம்தான் நீ லீவு போட்டுக்கொண்டு வந்தாய். பிரிட்ஜில் இருந்த பிலிம் பாக்கெட்டிலிருந்து தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் படம் எடுத்துக் கொடுத்தாய். சுருள் பிலிம் நீ கொண்டுவரவில்லை, மிச்சம் இரண்டே இரண்டு தாள். மறுநாள் காலையில் உன் அம்மா தோசை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "ஏத்தா, எனக்கு ஒத்தையில ஒரு படம் எடு. நம்ம பந்தலுக்குக் கீழ நாற்காலி போட்டு." நான் தட்டை அப்படியே தள்ளிவிட்டு, "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். எடுக்கறதா இருந்தா ரெண்டு பேரும் உக்காருவோம்" என்றேன். "நாப்பது வருசமா ரெண்டு பேராத்தான உக்காந்துருக்கோம்" என்றாள். "இன்னமும் உக்காருவோம்" என்று கத்தினேன். அவள் சட்டுவத்தால் தோசையைத் திருப்பிப் போட்டாள். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அப்பன் மறுபடியும் ஆரம்பித்துவிட்டான் என்கிற பார்வை.

நான் பம்புசெட்டில் குளிக்கப் போன நேரம் பார்த்து நீங்கள் இருவரும் வேலையை ஆரம்பித்துவிட்டீர்கள். வெளிச்சம் பார்க்க என்று ஒரு சாக்கு. பந்தலுக்குக் கீழ் வெயில் புள்ளி புள்ளியாகத்தான் விழும். முகத்தில் எங்கே விழுகிறது என்று பார்க்காமல் எடுக்க முடியாது என்பது நிஜம்தான், எனக்குத் தெரியும். ஈரத் துண்டோடு வரப்பில் வரும்போதே பார்த்துவிட்டேன். நடுவில் நாற்காலி, அதில் உன் அம்மா. வீட்டுக்குக் கட்டுகிற அந்த மண்ணு நிறச் சேலை. கையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். நீ குனிந்தபடி இருந்தாய். கட்டக் என்று சத்தம் கேட்டது. நீ தாளை இழுத்ததையும் பார்த்தேன். என் காலடி கேட்டதும் அதை அவள் மடியில் போட்டாய், அவள் முந்தானையால் மூடிக்கொண்டாள். இருவரும் திருட்டுத்தனமாக மாங்காய் பறித்த பிள்ளைகள் மாதிரி முழித்தீர்கள்.

அப்பா ஒன்றும் தெரியாமல் வந்து தொணதொணவென்று பேசிக் கெடுத்துவிட்டார் என்றுதான் இன்றுவரை நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை, ஆத்தா. எனக்குத் தெரியும். முந்தானைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும், நேரம் தவறினால் கெட்டுப்போகும் என்று நீயே சொல்லிக் கொடுத்திருந்தாய். தெரிந்துதான் நின்றேன். ஒன்றரை நிமிடத்துக்கென்று நீ போனில் வைத்திருந்த மணி அடித்தது, நீ அவசரமாக அமர்த்தினாய். நான் நகரவில்லை. மத்தியானத்துக்கு என்ன குழம்பு என்று கேட்டேன். என் வாழ்நாளில் நான் கேட்காத கேள்வி! இலையைத் திருப்பிப் பார்த்து, சாம்பல் நோய் வந்திருக்கிறது, மருந்தடிக்க வேண்டும் என்றேன். அந்த இலையில் ஒரு நோயும் இல்லை. கொடிக்கு எவ்வளவு தண்ணீர், அதை வெட்டிவிடுகிற கவாத்துக்கு ஆள் கிடைக்குமா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். நீ தவியாய்த் தவித்தாய். உன் அம்மா மட்டும் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். கடைசியில் அவள்தான், "போதும், போயி ஈரவேட்டிய மாத்துங்க. சளி புடிச்சுக்கிரும்" என்றாள். நான் போன பிறகு நீ உரித்திருக்கிறாய். தாள் தாளோடு பிய்ந்து வந்தது. நாற்காலியின் ஒரு கால் தெரிந்தது, மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் காபி கொட்டியது மாதிரி ஒரு கறை. நீ அதை மாட்டுத் தொட்டிப் பக்கம் வீசி எறிந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. அப்பாடா என்றிருந்தது. அந்தப் படம் இல்லையென்றால் அதற்குப் போட மாலையும் இல்லை, மாலை இல்லையென்றால் அவள் போக மாட்டாள். அறுபது வயதுக்காரன் புத்தி இப்படி வேலை செய்தது.

சாயங்கால வெயிலில் அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. "ஏத்தா, அந்தக் கடைசித் தாளையும் மாட்டு. இப்ப எவுக வந்து தடுக்குறாகன்னு பாக்குறேன்" என்றாள். நான் மோட்டார் ரூம் பக்கம் நின்றேன். பேசாமல்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். நீ குனிந்தாய். அவள் தலைமுடியைக் காதோரம் ஒதுக்கினாள். ஒதுக்க முடி எங்கே இருந்தது? கொட்டியது போக மிச்சம் நாலு இழை. அதைப் பார்த்ததும் என் கால் தானாக ஓடியது. போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, அவள் தலைக்குப் பக்கத்தில் என் தலையைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அவள் சட்டென்று என் பக்கம் திரும்பி, "செத்த தள்ளித்தான் நில்லுங்களேன்! ஒரு தடவையாச்சும்!" என்றாள். அந்த நேரத்தில் உன் விரல் அழுத்திவிட்டது. காத்திருந்து உரித்தாய். முகம் லேசாக அசைந்திருந்தது. வாய் திறந்திருந்தது. பக்கத்தில் பயந்த மாடு மாதிரி என் முகம். நீ அதை நாற்காலியில் வைத்துவிட்டு, "ஒங்களுக்கு எல்லாத்துலயும் நீங்க இருக்கணும்ப்பா" என்று சொல்லிவிட்டு, பெட்டியை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாய்.

உன் அம்மா அந்தப் படத்தை எடுத்துப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தாள். நிஜமாகவே வலித்தது, பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இவுகளத் தள்ளி நிக்கச் சொல்லி என்னத்துக்கு ஆகப் போகுது" என்றாள். அடுக்களையில் உப்பு ஜாடிக்குப் பின்னால் சாய்த்து வைத்துக்கொண்டாள். அதன் ஓரத்தில் அவளுடைய மஞ்சள் விரல்தடம் ஒன்று பதிந்திருக்கிறது.

பிறகு நடந்ததெல்லாம் நீ அறிந்ததுதான். அவள் போன அன்று காலையிலேயே, தெருமுனையில் வைக்கிற பிளக்ஸ் போர்டுக்கு ஒரு நல்ல படம் வேண்டும் என்று வந்து நின்றார்கள். நான் பீரோவைக் குடைந்தேன், போனைக் குடைந்தேன். எதிலும் அவள் இல்லை. எல்லாவற்றிலும் பக்கத்தில் உயிரோடு யாராவது நின்றார்கள், அவர்களை வெட்டினால் இவள் தோளும் சேர்ந்து போனது. கடைசியில் ஆதார் கார்டைக் கொடுத்தேன். ஸ்டுடியோக்காரர் அந்தத் தலையை எடுத்து, எவளுடைய உடம்பிலோ ஒட்டி, பச்சைப் பட்டும் கல் நெக்லஸும் போட்டு, முகத்தைச் சிவப்பாக்கிக் கொண்டுவந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். நீ காரிலிருந்து இறங்கினாய். அழுதுகொண்டே வந்தவள் பிளக்ஸைப் பார்த்ததும் அழுகை நின்றுபோய், "யாருப்பா இது?" என்று கேட்டாய். சொந்தத் தாய் செத்துக் கிடக்கிற வாசலில் பெற்ற பிள்ளை அப்படிக் கேட்கும்படி செய்துவிட்டேனே என்று அன்றிலிருந்து நான் வெந்து சாகிறேன்.

கருமாதி முடிந்த அன்று நீ கிளம்பும்போது சொன்னதுதான் என்னை அடியோடு சாய்த்தது. "அம்மாவுக்கு எல்லாம் தெரியும்ப்பா. 'ஒங்கப்பா மதுரையில இருந்து வந்ததுல இருந்து என்னைய வையவே இல்லடி. கொழம்புல உப்பு கூடிப்போனாலும் நல்லாருக்குன்னு திங்கிறாக. டாக்டர் என்னமோ சொல்லிருக்காக'ன்னு நான் லீவுல வந்தன்னைக்கே அம்மாதான் எனக்குச் சொன்னாக. அதுக்குத்தான் அந்தப் படம். ஊருல செத்தவுக எல்லாருக்கும் பண்ற மாதிரி பச்சச் சீல கட்டிப் பொம்மையா மாட்டிருவாகன்னு பயந்துதான் கேட்டாக" என்றாய். அவள் சாவைக் கண்டு பயப்படவில்லை. செத்த பிறகு வேறு யாரோவாக ஆகிவிடக் கூடாது என்று ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். நான் அந்த ஒன்றைத்தான் கெடுத்தேன்.

யோசித்துப் பார். அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். மூன்று பேரும் ஒரே பந்தலுக்குக் கீழ் நின்றுகொண்டு, சாம்பல் நோயைப் பற்றிப் பேசினோம். நான் மட்டும் அன்றைக்கு, "ஏ புள்ள, எனக்குப் பயமா இருக்கு. நீ ஒத்தையில உக்காந்தா நீ போயிட்ட மாதிரியே இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் என் கையைப் பிடித்திருப்பாள், ஒரு பாட்டம் அழுதிருப்போம், அப்புறம் நானே தள்ளி நின்று எடுக்கச் சொல்லியிருப்பேன். சொல்லத் தெரியவில்லை. எனக்குப் பயம் வந்தால் அதிகாரமாகத்தான் வாயில் வரும். நாற்பது வருஷம் அவள் அதை அதிகாரம் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டாளா, பயம் என்று தெரிந்து பொறுத்துக்கொண்டாளா என்று இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

உனக்கும் என் வாய்தான் வாய்த்திருக்கிறது. நேற்று நீயும் எனக்குச் சரியாகத்தான் கத்தினாய். மாப்பிள்ளை சாதுவாக இருக்கிறார் என்று அவர் மேல் ஏறி நிற்காதே. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். அவர் ஒரு நாள் தனியாக எங்காவது போக வேண்டும், தனியாக ஒன்றைச் செய்ய வேண்டும் என்று கேட்டால், நான் இல்லாமல் என்ன என்று போய் முட்டிக்கொண்டு நிற்காதே. தள்ளி நிற்பதும் பாசம்தான் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொன்னவளின் பேச்சையும் நான் காதில் வாங்கவில்லை. அவர் உன்னைத் தள்ளி நிற்க விடாமல் பிடித்துக்கொண்டால், அவரையும் உட்காரவைத்துக் கேள். திட்டாமல் கேள். உள்ளே என்ன பயம் கிடக்கிறதோ.

சரி, நாற்காலிக்கு வருகிறேன். இன்று காலையில் உப்பு ஜாடிக்குப் பின்னாலிருந்து அந்தப் படத்தை எடுத்தேன். அவள் போன பிறகு முதல் தடவையாக எடுத்துப் பார்க்கிறேன். பாளையத்துக்குக் கொண்டுபோய் ஸ்டுடியோக்காரரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "ஒங்கள வெட்டி எடுத்துட்டு அவுகள மட்டும் பெருசு பண்ணிரலாம்ண்ணே" என்றார். கம்ப்யூட்டரில் வைத்து என்னை அழித்தும் காட்டினார். பார்த்தேன். என் தலை இருந்த இடத்தில் வெறும் இலை. உன் அம்மா வாயைத் திறந்து அந்த இலையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். பைத்தியக்காரி மாதிரி இருந்தது. "வேண்டாம்ப்பா, என் படத்தக் குடு" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் ஒற்றையாக இருக்க ஆசைப்பட்டாள், ஒரே ஒரு படத்தில். அதிலும் நான் போய் விழுந்தேன், இப்போது வெட்டி எடுக்கவும் வழியில்லாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். இதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க முடியாது. உன்னிடம் கேட்கிறேன்.

ஆனால் ஆத்தா, அந்தப் படத்தில் இருப்பது உன் அம்மாதான். மண்ணு நிறச் சேலை, நாலு இழை முடி, பாதி வார்த்தையில் நிற்கிற வாய், கண்ணில் அந்தக் கோபம், அந்தக் கோபத்துக்கு அடியில் ஒரு சிரிப்பு. பார்த்தால் யாரும் "யாருப்பா இது?" என்று கேட்க மாட்டார்கள். கூடத்தில் இருக்கிற பச்சைப் பட்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். உன் கல்யாணத்துக்கு இதைத்தான் கொண்டுவரப் போகிறேன். பெரிதாக்கவில்லை, உள்ளங்கை அகலத்தில் எடுத்தபடியே நாற்காலியில் வைப்பேன். பார்க்க வேண்டியவர்கள் குனிந்து பார்த்துக்கொள்ளட்டும்.

மேடையில் வைத்தால் மாலை போட்டாக வேண்டும். உயிரோடு இருக்கிறவன் படத்துக்கா மாலை, அபசகுனம், கழற்று என்று நம் பெரிய ஆட்கள் குதிப்பார்கள். முன்னே குதித்தவன் நான்தான், அதனால் எப்படிக் குதிப்பார்கள் என்று எனக்கே நன்றாகத் தெரியும். நீ யார் பேச்சையும் கேட்காதே. சின்னப் படம்தான், ஒரு முழம் மல்லிகைச் சரம் போதும். உன் கையாலேயே போடு. எங்கள் இரண்டு பேர் மேலும் விழுகிற மாதிரிப் போடு.

அப்பா